விளிம்பில் நடக்கும் வேலை

எங்கள் சிற்றேடுகளில் அதிகம் உழைத்துக் களைத்துப்போன சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டால், 'விளிம்பு' முதல் ஐந்துக்குள் வரும். விளிம்புநிலை மக்கள், விளிம்புநிலை எழுத்து, மையமும் விளிம்பும் என்று தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் நடந்த விவாதங்கள் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்ததைப் பழைய இதழ்களைப் புரட்டித் தெரிந்துகொண்டேன். இன்று மணிவிழா மலர்களில்கூட அந்தச் சொல் தட்டுப்படுகிறது. அதைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. அதே சொல்லை முற்றிலும் வேறோர் இடத்தில், இரசாயன ஆய்வுக் கட்டுரைகளில், சில வருடங்களாகச் சந்தித்து வருகிறேன். அங்கே விளிம்பு உவமானமாக வருவதில்லை. அதை நனோமீற்றரில் அளக்கிறார்கள். எவ்வளவு விளிம்பு உண்டோ அவ்வளவு வேலை நடக்கிறது என்று வரைபு கீறிக் காட்டுகிறார்கள். அந்த விளிம்பைப் பற்றி இங்கே எழுதலாம் என்று நினைத்தேன்.

விஷயம் தண்ணீரைப் பிரிப்பது பற்றியது. தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியும் என்பது ஓ.எல். பரீட்சைக்குத் தோற்றிய எல்லோருக்கும் தெரியும். 1800ஆம் ஆண்டு, வோல்ற்றாவின் மின்கலத்தைப் பற்றிய செய்தி இலண்டனுக்கு எட்டிய சில வாரங்களிலேயே நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தும் உலகம் தனக்குத் தேவையான ஐதரசனை இந்த வழியில் எடுப்பதில்லை. 2023இல் உலகம் பாவித்த ஐதரசன் ஏறத்தாழ 97 மில்லியன் தொன். பெரும்பகுதி பசளை செய்யவும் எண்ணெய் சுத்திகரிக்கவும் போனது. அதில் ஏறத்தாழ முழுவதும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்பட்டது. எடுக்கும்போது காபனீரொட்சைட்டும் சேர்ந்து வெளியேறியது. தண்ணீரிலிருந்து எடுத்தால் அந்தப் புகை இல்லை, மின்சாரம் மட்டும் காற்றிலிருந்தோ வெயிலிலிருந்தோ அருவியிலிருந்தோ வரவேண்டும்.

அப்படியானால் ஏன் எடுப்பதில்லை? செலவுதான். ஒரு கிலோ ஐதரசனுக்கு 9 லீற்றர் தண்ணீர் வேண்டும். கணக்கின்படி 39.4 கிலோவாற்று மணி மின்சாரம் போதும். தொழிற்சாலையில் 50க்கு மேல் போகிறது. இரண்டு மின்வாய்களுக்கும் இடையில் 1.23 வோல்ற்று இருந்தால் தண்ணீர் பிரியத் தொடங்கவேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. நடைமுறையில் 1.8, 2 வோல்ற்று வரை கொடுத்தால்தான் பயனுள்ள வேகத்தில் பிரிகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. இந்த இடைவெளியைக் குறைப்பதுதான் ஊக்கியின் வேலை. தமிழ்நாட்டார் வினையூக்கி என்பதை நாங்கள் ஊக்கி என்று படித்தோம். 'தாக்கத்தில் பங்குபற்றி அதன் வேகத்தைக் கூட்டி, இறுதியில் தான் மாறாமல் மீளும் பொருள்' என்று ஏ.எல். வகுப்பில் எழுதிய வரைவிலக்கணம் இன்னும் எனக்குப் பாடம். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன், இரண்டாம் வருடத்தோடு நின்றுபோயிற்று. நின்றுபோன படிப்பில் இப்படிச் சில வசனங்கள் மட்டும் பிசகாமல் மிஞ்சும்போலும்.

இந்த வேலைக்குச் சிறந்த ஊக்கி பிளாற்றினம். ஐதரசன் வரும் பக்கத்துக்கு அது. ஒட்சிசன் வரும் பக்கத்தில், அமிலத்தில் தாக்குப்பிடிக்கக் கூடியதென்றால் இரிடியம். இரிடியம் உலகம் முழுவதிலும் வருடத்துக்கு ஏறத்தாழ 7, 8 தொன்தான் கிடைக்கிறது, பெரும்பகுதி தென்னாபிரிக்காவில். ஏழு தொன் உலோகத்தை நம்பி உலகத்தின் அடுப்பை மாற்ற முடியாது. ஆகவே மலிவான பொருள் வேண்டும். அந்தத் தேடலில்தான் தாள் தாளாக இருக்கும் பொருட்கள் வந்து சேர்ந்தன.

வெக்ஸ்போர்ட்டில் நான் வேலை செய்யும் ரெஸ்ரோறன்ருக்குப் பின்னால் ஒரு கராஜ் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் அண்ணை ஒருவர் காரின் அச்சு மூட்டுகளுக்கு ஒரு கறுப்புக் கிறீஸ் பூசுவார். மொலி கிறீஸ் என்பார்கள். அந்தக் கறுப்பு, மொலிப்டினம் இருசல்பைட்டு. நிலத்திலிருந்து கனியமாகவே கிடைப்பது. மேலே ஒரு வரிசை கந்தகம், நடுவில் மொலிப்டினம், கீழே ஒரு வரிசை கந்தகம். மூன்றும் சேர்ந்து ஒரு தாள். ஒரு தாளின் தடிப்பு ஒரு நனோமீற்றரில் மூன்றில் இரண்டு பங்கு. தாளுக்குள் பிணைப்பு மிகப் பலமானது, தாளுக்கும் தாளுக்கும் இடையில் பிணைப்பு மிகச் சொற்பம். அதனால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். இலங்கையின் போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டியெடுக்கும் காரீயமும் இதே மாதிரித்தான், அது காபன் தாள். 2004இல் மான்செஸ்ரரில் கைமும் நொவொசெலோவும் காரீயத்திலிருந்து ஒட்டுநாடாவால் ஒற்றைத் தாளை உரித்தெடுத்தார்கள். 2010இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு, உரிக்கக்கூடிய எல்லாவற்றையும் உலகம் உரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

இந்தக் கறுப்புப் பொருளால் தண்ணீரிலிருந்து ஐதரசன் எடுக்கலாம் என்று அண்ணைக்கு ஒருநாள் சொன்னேன்.

"தம்பி, உது வழுக்கிற சாமான். நீ சொல்லுறது தண்ணியை உடைக்கிற சாமான். இரண்டும் எப்பிடி ஒண்டாகும்?"

"வழுக்கிறது தாளின்ரை முகம் அண்ணை. உடைக்கிறது தாளின்ரை கரை."

"அப்ப கரையைக் கூட்டவேண்டியதுதானே," என்றார்.

விஞ்ஞானிகள் வந்து சேர்ந்த இடமும் அதுதான். ஆனால் வந்துசேர முப்பது வருடம் பிடித்தது. 1977இல் இயற்கையான பளிங்கை எடுத்துச் சோதித்தவர்கள், ஐதரசன் விஷயத்தில் இது மந்தமானது என்று கண்டார்கள். 2005இல் டென்மார்க்கில் யென்ஸ் நோர்ஸ்கோவ் குழுவினர் வேறு பக்கத்தால் வந்தார்கள். கச்சான், பயறு போன்றவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பக்ரீரியாக்களிடம் ஒரு நொதியம் உண்டு. அதன் நடுவில் மொலிப்டினம், இரும்பு, கந்தகம் சேர்ந்த ஒரு சிறு கூடு இருக்கிறது. அந்தக் கூட்டின் அமைப்புக்கும் மொலிப்டினம் இருசல்பைட்டுத் தாளின் கரைக்கும் ஒற்றுமை இருப்பதை அவர்கள் கவனித்தார்கள். நல்ல ஊக்கி ஐதரசனைப் பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். பிடிக்காவிட்டால் தாக்கம் தொடங்காது, விடாவிட்டால் முடியாது. தாளின் முகத்தில் இருக்கும் அணுக்கள் எல்லாப் பக்கமும் அயலவரோடு பிணைந்து நிறைவாக இருக்கின்றன, அவற்றுக்கு ஐதரசன் தேவையில்லை. கரையில் இருக்கும் அணுவுக்கு ஒரு பக்கம் அயல் இல்லை. பிணைப்பு மிச்சமிருக்கிறது. அதன் பிடி, கணக்கின்படி, பிளாற்றினத்தின் பிடிக்கு மிகக் கிட்ட வந்தது.

2007இல் தோமஸ் ஹரமியோ, இப் கோர்க்கென்டோர்வ் முதலியோர் அதை அளந்து காட்டினார்கள். தங்கத்தின்மேல் மிகச் சிறிய மொலிப்டினம் இருசல்பைட்டுத் துண்டுகளை வளர்த்தார்கள். சில மாதிரிகளில் துண்டுகள் சிறிது, சிலவற்றில் பெரிது. ஒவ்வொன்றிலும் பரப்பளவு எவ்வளவு, கரையின் நீளம் எவ்வளவு என்று நுணுக்குக்காட்டியால் அளந்துவிட்டு, எவ்வளவு ஐதரசன் வருகிறது என்று பார்த்தார்கள். ஐதரசன் பரப்பளவோடு பொருந்திவரவில்லை. கரையின் நீளத்தோடு நேர்கோட்டில் பொருந்தியது. எவ்வளவு பெரிய தாளாக இருந்தாலும், வேலை செய்தது அதன் ஓரம்தான்.

அதன் பிறகு நடந்தவை அண்ணை சொன்ன வழியிலேயே நடந்தன. கரையைக் கூட்டினார்கள். தாள்களைச் சிறு துண்டுகளாக்கினார்கள், நிமிர்த்தி வளர்த்தார்கள், ஓட்டை போட்டார்கள். 2016இல் ஸ்ரான்போர்ட்டில் தாளின் முகத்திலிருந்தே கந்தக அணுக்களை ஆங்காங்கே பிடுங்கி, தாளை இழுத்துப் பிடித்து, முகத்தையும் வேலை செய்ய வைத்தார்கள். ஓர் அணுவைப் பிடுங்கினால் அந்த இடத்தில் ஒரு புதிய விளிம்பு உண்டாகிறது என்று சொல்லலாம். இன்னொரு உண்மையும் தெரியவந்தது. கரை மட்டும் இருந்தால் போதாது, கரைக்கு இலத்திரன் வந்து சேரவேண்டும். இந்தப் பொருளில் மின்சாரம் தாள் வழியே ஓரளவு ஓடும், தாள் விட்டுத் தாள் பாய்வது மிகவும் கஷ்டம். ஆகவே 2011இல் மொலிப்டினம் இருசல்பைட்டைக் காபன் தாளின்மேல் வளர்த்தார்கள், மின்சாரம் இலகுவாக வந்தது. எத்தனை கரை இருந்தாலும் இணைப்பு இல்லாத கரை சும்மா கிடக்கும்.

ஒட்சிசன் வரும் பக்கம் இதைவிடக் கடினமானது. ஒரு ஒட்சிசன் மூலக்கூறுக்கு நான்கு இலத்திரன்கள் கைமாறவேண்டும். அங்கே பெயர் பெற்றது இன்னொரு தாள்பொருள்: நிக்கலும் இரும்பும் கலந்த படை இரட்டை ஐதரொட்சைட்டு. 2013இல் ஸ்ரான்போர்ட்டில் டாயின் குழு இதை மிக மெல்லிய தாள்களாகச் செய்து, காரக் கரைசலில் இரிடியத்தை விடவும் நன்றாக வேலை செய்வதைக் காட்டியது. இதன் வரலாறுதான் எனக்குப் பிடித்தது. 1987இலேயே கொரிகன் என்ற ஆய்வாளர், நிக்கல் மின்வாயில் சொற்ப இரும்பு அழுக்குச் சேர்ந்தால் ஒட்சிசன் வேகமாக வருகிறது என்று எழுதியிருந்தார். 2014இல் ஒறிகனில் உள்ள குழுவொன்று கரைசலை நன்றாகச் சுத்தப்படுத்திவிட்டு நிக்கலை மட்டும் சோதித்தது. நிக்கல் படுத்துவிட்டது. அதுவரை நிக்கலின் கெட்டித்தனம் என்று நம்பப்பட்டதில் பெரும்பங்கு, கடையில் வாங்கிய காரத்தில் கலந்திருந்த இரும்பு அழுக்கின் வேலை.

2020இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்திலிருந்து வந்த முடிவு இன்னும் ஒரு படி போகிறது. வேலை நடக்கும்போது இரும்பு அணுக்கள் தாளில் நிலைத்து நிற்பதில்லை. கரைந்து போகின்றன. கரைசலில் இருக்கும் வேறு இரும்பு அணுக்கள் வந்து அந்த இடத்தில் ஒட்டுகின்றன. போவதும் வருவதும் சமமாக இருக்கும்வரை வேலை குறையாது. கரைசலில் இரும்பு இல்லாவிட்டால், போன அணுவின் இடம் காலியாகவே கிடக்கும், ஊக்கி மெல்ல மெல்ல இறந்துவிடும். நான் பாடமாக்கிய 'தான் மாறாமல் மீளும்' என்ற வசனம் இங்கே திருத்தம் கேட்கிறது. மாறாமல் இருப்பது இடம். அணுக்கள் மாறிக்கொண்டேயிருக்கின்றன.

இதை வாசித்த இரவு நான் சமையலறையை நினைத்ததை மறைக்க வேண்டியதில்லை. இந்த நகரத்தில் எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் கோப்பை கழுவியவர்களில் எத்தனையோ பேர் எங்கள் ஆட்கள். இப்போது அந்தத் தொட்டியடியில் நிற்பவர்கள் வேறு நாடுகளிலிருந்து வந்த மாணவர்களும் புதிய அகதிகளும். ரெஸ்ரோறன்ட் அதே ரெஸ்ரோறன்ட், தொட்டி அதே தொட்டி. மணிக்கட்டு போனவர்கள் போய்விட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த இடம் ஒருநாளும் மாறவில்லை.

இவையெல்லாம் எங்கோ நடக்கும் காரியங்கள் என்று நினைக்கத் தேவையில்லை. வெக்ஸ்போர்ட்டின் தெற்குப் பக்கத்தால், லோரன்சுக்கும் எக்ளின்ரனுக்கும் நடுவே, பெரிய மின்கோபுரங்கள் வரிசையாகப் போகும் புல்வெளி ஒன்று உண்டு. கற்றினோ மின்பாதை என்று பெயர். 1928இல் கியூபெக்கின் கற்றினோ ஆற்றிலிருந்து 220,000 வோல்ற்றில் ரொறன்ரோவுக்கு மின்சாரம் கொண்டுவருவதற்குப் போட்ட பாதை. இன்று அதன் கீழே பூக்களை நட்டு நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஒன்ராறியோவில் மின்சாரத்துக்கே 'ஹைட்ரோ' என்றுதான் பெயர், ஏனென்றால் அது முதலில் தண்ணீரிலிருந்து வந்தது. அப்படி மலிவாக வந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கலாம் என்று இந்த நகரத்து ஸ்ருவர்ட் குடும்பம் நெடுங்காலமாக முயன்றது. 1948இல் ரொறன்ரோவில் அவர்களது எலெக்ட்ரோலைசர் கோப்பரேஷன் தோன்றியது. பின்பு ஸ்ருவர்ட் எனேர்ஜி என்று பெயர் மாறி, 2005இல் மிசிசாகாவின் ஹைட்ரோஜெனிக்ஸ் கைக்குப் போய், 2019இல் அமெரிக்காவின் கமின்ஸ் கைக்குப் போயிற்று. 2018இல் மார்க்கத்தில் 2.5 மெகாவாற்று அளவில் தண்ணீர் பிரிக்கும் நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து வரும் ஐதரசனை 2 வீதம் வரை இயற்கை வாயுவோடு கலந்து ஏறத்தாழ 3,600 வாடிக்கையாளருக்கு அனுப்பும் திட்டம் 2022இன் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. மார்க்கத்தில் வீடு வாங்கிய எங்கள் ஆட்கள் சிலரின் அடுப்பிலும் தண்ணீரிலிருந்து பிறந்த நெருப்பு சொற்பம் எரிந்திருக்கக்கூடும். ரொறன்ரோ பல்கலைக்கழகத்திலும் 2016இல் எட்வேட் சார்ஜென்ற் குழு இரும்பு, கோபாற்று, தங்குதன் மூன்றையும் கலந்து ஒரு ஊக்கி செய்தது. தாள்பொருள் என்பதைவிட அதைக் களிப்பொருள் என்பதே பொருந்தும். 500 மணித்தியாலத்துக்கு மேல் சோர்வில்லாமல் நின்றது.

தமிழ்ப் பக்கத்துக்கும் வருகிறேன். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாவும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் வைத்து, 1953 தைப்பொங்கல் காலத்தில் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த இடம். அங்கே ஆய்வு மாணவராக இருந்த செங்கேணி அனந்தராஜ், சுப்ரதா குண்டு முதலியோர் 2016இல் இரும்பு, கோபாற்று, நிக்கல் ஆகியவற்றின் சல்பைட்டு, செலனைட்டு, பொஸ்பைட்டு ஊக்கிகளைப் பற்றி எழுதிய தொகுப்புக் கட்டுரை, இந்தத் துறையில் உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையில் புண்ணியமூர்த்தி ரவிராஜனும், நோர்வேயின் பேர்கனில் பேராசிரியராக இருந்து தயாளன் வேலாயுதபிள்ளையும், கோயம்புத்தூர்க்காரரையும் பேராதனைக்காரரையும் சேர்த்துக்கொண்டு, தூய சக்திக்கான நனோப்பொருள் ஆய்வுகளை நடத்தியிருக்கிறார்கள். வெயிலைக் கொண்டு தண்ணீரிலிருந்து ஐதரசன் எடுக்கும் பொருட்களும் அவற்றில் அடக்கம். கப்பலேறிப் போனவர்களின் பட்டியலை நாங்கள் எப்போதும் துக்கத்தோடுதான் வாசிக்கிறோம். பேர்கனுக்கும் திருநெல்வேலிக்கும் இடையில் இப்படியும் ஒரு போக்குவரத்து நடக்கிறது என்பதையும் எழுதிவைக்கவேண்டும்.

ஆனால் வெற்றிச் செய்தியாக மட்டும் இதை முடிக்க மனமில்லை. ஆய்வுகூடத்தில் ஒரு சதம் அளவான மின்வாயில் சதுர சென்ரிமீற்றருக்கு 10 மில்லி அம்பியர் செலுத்தி, சில மணித்தியாலமோ சில நாளோ ஓடினால் ஒரு கட்டுரை எழுதிவிடலாம். தொழிற்சாலை கேட்பது அதைப்போல நூறு மடங்கு மின்னோட்டம், பல பத்தாயிரம் மணித்தியாலம். கரையைக் கூட்டி, ஓட்டை போட்டு, தாளை மெல்லியதாக்கிப் பெற்ற வேகத்துக்கு விலை உண்டு. அயல் இல்லாத அணுவே நன்றாக வேலை செய்கிறது, பிடிமானம் குறைந்த அதே அணுவே முதலில் கரைந்தும் போகிறது. இரண்டும் ஒரே காரணத்தால் நடக்கின்றன. ஆகவே இப்போது ஆராய்ச்சியில் வேகத்தைவிட ஆயுளைப் பற்றிய பேச்சு அதிகரித்திருக்கிறது.

எங்கள் பேச்சிலும் அது அதிகரிக்கவேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. விளிம்பில் இருப்பது ஒரு பெருமை மாதிரியும், அங்கிருந்துதான் எல்லாப் புதுமையும் பிறக்கும் என்பது மாதிரியும் எழுதிப் பழகிவிட்டோம். பிறக்கிறது, மறுக்கவில்லை. அதை நேர்கோட்டில் வரைபு கீறியே காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதே ஆய்வுகள் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்கின்றன: அந்த விளிம்புக்கு மின்சாரம் வந்து சேருகிறதா? அது எத்தனை மணித்தியாலம் நிற்கும்? விளிம்புநிலை பற்றிய எங்கள் கட்டுரைகளில் இந்த இரண்டு கேள்விகளையும் நான் அதிகம் கண்டதில்லை. பதினான்கு மணித்தியாலம் நிற்பவனிடம் மையம் தகர்ந்துவிட்டது என்று சொல்வதால் அவன் காலுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஊரைப் பற்றியும் இதே கேள்விதான். மன்னாரில் 2020 மார்கழியில் 103.5 மெகாவாற்றுக் காற்றாலை திறக்கப்பட்டது. இன்னொரு பெரிய திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 மாசியில் விலகிக்கொண்டது. அதே வருடம் மேலும் காற்றாலைகள் வேண்டாம் என்று தீவு மக்கள் தெருவில் இறங்கினார்கள். காற்றும் வெயிலும் கடலும் உள்ள இடங்களில் ஐதரசன் செய்து கப்பலில் ஏற்றலாம் என்ற பேச்சு உலகெங்கும் இருக்கிறது, எங்கள் கரைக்கும் ஒருநாள் வரும். கிலோவுக்கு 9 லீற்றர் என்பது பெரிய அளவல்ல. ஆனால் பெரும்பாலும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரையே நம்பியிருக்கும் குடாநாட்டில், சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததைக் கண்ட சனத்துக்கு, யார் தண்ணீர், யாருக்கு மின்சாரம் என்று முதலிலேயே கேட்க உரிமை உண்டு. கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் செய்வோம், முதல் வெளிச்சம் அந்தக் கிராமத்துக்குத்தான் என்று எழுத்தில் வாங்கவேண்டும். அப்படிப் பேரம் பேசுவதற்கு இந்த விஞ்ஞானம் ஓரளவாவது எங்கள் மொழியில் தெரிந்திருக்கவேண்டும்.

இலத்திரன், மின்வாய், ஊக்கி, நொதியம் என்று பள்ளிக்கூடத்தில் தந்த சொற்கள் எங்களிடம் இன்னும் பழுதில்லாமல் இருக்கின்றன. கவிதைக்கும் நினைவுக்கும் ஒதுக்கும் பக்கங்களில் நான்கை இதற்கும் ஒதுக்கலாம். இங்கே பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டு வாங்கலாம். நான் எழுதியதில் குறைகள் இருந்தால் அவர்கள் திருத்தட்டும். அதைவிட நல்லது, அவர்களே எழுதட்டும்.